புளியும் சாம்பலும் தேய்த்த துப்பாக்கி

ஹை ஸ்ட்ரீட் துப்பாக்கிக் கடையில் பேரின்பநாயகத்தாருக்கு அடுத்த மேசை என்னுடையது. தோட்டாப் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவது என் வேலை. பழைய ரிவால்வர்களைப் பார்த்து, எந்தக் காலத்தது, என்ன விலை பெறும் என்று சொல்வது அவர் வேலை. கேட்கப் பெரிய உத்தியோகமாகத் தெரியும். பாவம், மனுஷர் அதில் அலுத்துச் சலித்துப் போயிருந்தார். வருகிறவர்கள் எல்லாம் துப்பாக்கியோடு ஒரு கதையையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஏதோ சுல்தான் கொடுத்ததாம், கடல் கொள்ளைக்காரனிடம் பிடுங்கியதாம். இவர் துப்பாக்கியில் பொறித்த முத்திரையைப் பார்த்து, போன வருடம் செய்தது என்பார். வந்தவர் முகம் தொங்கிப் போகும்.

"மற்றவையின்ர கதையை உடைக்கிறதுக்கோ எனக்குச் சம்பளம் தாறாங்கள்?" என்று யாழ்ப்பாணப் பேச்சில் என்னிடம் புலம்புவார்.

1911-இல் ஒரு மழை நாள். அன்னாசி ஆலைத் துரை ஒருவர் ரிவால்வரோடு வந்தார். பின்னால் நனைந்தபடி பாக்கியலட்சுமி என்ற பெண். அவள் புருஷன் செல்லக்கண்ணு ஆலைக் காவல்காரன்; போன மாதம் இறந்துவிட்டான். அவன் பெட்டியில் இது கிடைத்ததாம். ஆலையில் புதிதாக வாங்கிய ரிவால்வர் ஒன்று முன்பே காணாமல் போயிருந்தது. இதில் பொறித்த நம்பரே இல்லை, திருடிவிட்டு அரம் போட்டு அழித்திருக்கிறான் என்றார் துரை. திருடன் பெண்டாட்டிக்கு ஆலை வீட்டில் இடமில்லையாம்.

"பழைய துரை குடுத்ததுங்க ஐயா. எங்க கல்யாணத்துக்கு முந்தியே இருக்கு" என்றாள் அவள். "அரமெல்லாம் போடலீங்க. வருஷா வருஷம் ஆயுத பூசைக்குப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சு, சந்தனம் பூசி வைப்போம். நான்தான் தேய்ப்பேன்."

பேரின்பநாயகத்தார் பெருமூச்சு விட்டார். இன்னொரு கதை. கைப்பிடி மரத்தைக் கழற்றினார். உள்ளே காய்ந்த சந்தனம் அடை அடையாக அப்பியிருந்தது. ஊசியால் கொஞ்சம் சுரண்டினார். புளி எட்டாத அந்த இடத்தில் நம்பர் பளிச்சென்று இருந்தது.

இந்த நம்பர்ப்படி இது முப்பது வருடப் பழசு, ஆலையுடையது அல்ல என்று துரையிடம் இங்கிலீஷில் சொன்னார். துரை விலை கேட்டார். தேய்த்துத் தேய்த்து வெளி நம்பரும் மெருகும் முழுக்கப் போய்விட்டன, இனி இரும்பு விலைதான் என்றார் இவர்.

துரை தோளைக் குலுக்கினார். அவள் வீட்டிலேயே இருந்துகொள்ளட்டும், லைசென்ஸ் இல்லாத இதைப் போலீசில் கொடுத்துவிடு என்று சொல்லி ரிக்‌ஷா ஏறிவிட்டார். ஒரு மாதமாகத் திருடன் திருடன் என்று சொன்ன வாய். ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

பாக்கியலட்சுமிக்கு இங்கிலீஷ் தெரியாது. "துரை என்னங்க சொன்னாரு?" என்று கேட்டாள்.

பேரின்பநாயகத்தார் என்னை ஒரு பார்வை பார்த்தார். இத்தனை வருடத்தில் ஒரு துப்பாக்கியைப் பற்றிக்கூடக் கூட்டியோ குறைத்தோ பேசாத மனுஷர்.

"நீங்கள் வீட்டிலயே இருக்கலாமாம் அம்மா. லைசென்ஸ் இல்லாதபடியா இதை மட்டும் பொலிசில குடுக்கவேணுமாம். உங்கட புருசன் நேர்மையான மனுசனாம். அப்பிடி ஒரு காவல்காரன் இனி ஆலைக்குக் கிடையாதாம். தான் பிழையாக் கதைச்சதுக்கு மன்னிக்கச் சொல்லிப்போட்டுப் போறார்."

அவள் வாய்விட்டு அழுதாள். துப்பாக்கியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மேசைமேல் வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

அவர் கைப்பிடி மரத்தைத் திரும்பப் பூட்டினார். மீதிச் சந்தனத்தைச் சுரண்டவில்லை.