மச்சானைக் கட்ட அனுமதி

மாமாவின் மகனைக் கட்டுவதற்கு ஆயரின் அனுமதி வேண்டும் என்று பங்குச் சுவாமியார் சொன்னதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்ர அண்ணன்ர பிள்ளை, பாதர். வேற என்ன காரணம் வேணும்?”

“அதுதான் தடையே,” என்றார் அவர்.

எங்கள் மறைமாவட்டத்தின் பேராலயமும் ஆயரின் ஆசனமும் திருகோணமலையில். ஆயர் அதிகம் இருந்ததோ மட்டக்களப்பில். கதிரை இங்கே, இருக்கிறவர் அங்கே என்று எரிச்சலில் சொல்வேன். மச்சானுக்குக் கப்பலில் வேலை கிடைத்திருந்தது. தபசு காலத்தில் கல்யாணம் கிடையாது; தபசு முடியுமுன் அவர் போய்விடுவார். பிறகு எத்தனை வருடமோ. தபசு தொடங்கும் விபூதிப் புதனுக்கு ஒரு கிழமையே இருந்தது.

அப்பா சுவாமியாரின் கடிதத்தோடு, மூதூர் வழியாக மட்டக்களப்புக்குப் போக லாஞ்ச் ஏறினார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓர்ஸ் ஹில் வீட்டிலிருந்து ஜெட்டிக்கு நடப்பேன், இறங்குகிறவர்களைப் பார்ப்பேன், திரும்புவேன். சோறு இறங்கவில்லை. மச்சான் கதைக்க வந்தாலும் சிடுசிடுத்தேன்.

ஞாயிறு பூசைக்குப் போனால் ஆசனத்தில் ஆயர் இருக்கிறார். நிலாவெளியில் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் கொடுக்க, அடுத்த மாதம் வர இருந்தவர் முந்திக்கொண்டு ஹபரணை றோட்டால் சுற்றி வந்துவிட்டாராம். சுவாமியாருக்கே தெரியாது. அப்பா வெருகல் ஆறு கடந்து போய் ஆயர் இல்லாத வீட்டு வாசலில் காத்திருப்பார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பூசை முடிந்ததும் ஆயரின் மோதிரத்தை முத்தமிடும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. முழந்தாளில் இருந்தவள் எழும்பவில்லை.

“ஆண்டகை, அப்பா உங்களைத் தேடி மட்டக்களப்புக்குப் போயிட்டார். விபூதிக்கு முதல் மச்சானைக் கட்ட உங்கட அனுமதி வேணும்.”

ஆயர் சுவாமியாரைப் பார்த்தார். அவர் தலையாட்டினார்.

“பிள்ளை, உனக்கு விருப்பமோ?”

அம்மா கேட்காத கேள்வி. அப்பாவும் கேட்டதில்லை, மச்சானும் கேட்டதில்லை. மச்சான் என்றால் கட்டுவதுதானே. நானே என்னைக் கேட்டதில்லை. ஜெட்டிக்கும் வீட்டுக்குமாக எதற்கு அலைந்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

“ஓம்,” என்றேன், பின்வரிசைக்கும் கேட்க.

செவ்வாய்க்கிழமை கல்யாணம். அடித்த தந்தி அப்பாவின் கைக்குக் கிடைக்கவில்லை. சித்தப்பாதான் என்னைக் கைபிடித்துப் பீடத்துக்குக் கூட்டிப்போனார்.

மறுநாள் லாஞ்சிலிருந்து அப்பா இறங்கினார். கழுத்தில் தாலியும் நெற்றியில் சாம்பலுமாக நான் ஜெட்டியில் நின்றேன். அவர் குனிந்த தலை நிமிரவில்லை.

“ஆண்டகையைச் சந்திக்க ஏலாமப் போச்சு, பிள்ளை,” என்றார். “என்னை மன்னிச்சுக்கொள்.”