சவன்னாப் பறவைகளும் என் வயிற்றெரிச்சலும்

பிளேன் ரிக்கற் விற்கிறவன் கடையிலேயே இருப்பான், வாங்கினவன்தான் பறப்பான். எங்கள் தொழிலில் இதற்கு மேல் ஒரு விதியும் இல்லை. உங்களுக்குக் கிடைக்காத ஒன்றை நீங்களும் சிரித்த முகத்தோடு மற்றவர்களுக்கு விற்றவர் என்றால், நான் சொல்லப்போவது விளங்கும்.

2010இல், பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைப்பகுதியான லா சப்பலில், லூயி-பிளாங் தெருவில் ஒரு பயண முகவர் கடையில் சேர்ந்தேன். முதலில் எல்லாம் சென்னை ரிக்கற்தான். பிறகு அகதியாக வந்த எங்கள் சனத்துக்குப் பிரெஞ்சுப் பாஸ்போட் கிடைக்கத் தொடங்கியது. பிள்ளைகள் சென்னையில் சீலைக்கடை ஏறி இறங்கி அலுத்துப்போய், கென்யாவில் சிங்கம் பார்க்க வேண்டும் என்றார்கள். சிங்கத்தைப் பற்றி எல்லாக் கடைக்காரரும் பேசுவார்கள். நான் பறவைகளைப் பற்றிப் பேசினேன். யாரோ கடையில் மறந்துவிட்டுப் போன தடித்த பறவைப் புத்தகம் ஒன்றை, வீடு இருந்த பொபினியிலிருந்து மெத்ரோ ரயிலில் வரும்போது படித்துப் படித்து எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது.

ஆனால் நான் போகவில்லை. என் கையில் இருந்தது அகதிகளுக்கான பயணப் பத்திரம். அதற்கு விசா எடுக்க மாதக்கணக்காகும், கிடைக்கும் என்பதும் நிச்சயமில்லை.

மங்கின நிறம் உடுத்துங்கள்

என் அறிவுரையை முதலில் கேட்டவர், கென்யா ரிக்கற் வாங்க வந்த ஜெயந்தி அக்கா. பறவைகளுக்கு நிறம் நன்றாகத் தெரியும், மண் நிறத்தில் உடுத்துங்கள், மினுங்குகிற எதுவும் வேண்டாம் என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டினார்.

திரும்பி வந்து, கலியாண அல்பம் அளவில் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மஞ்சள் புல்வெளியின் நடுவில் அக்கா சிவப்புப் பட்டுச்சேலையும் ஆரமுமாக நின்றார். அவருடைய தோளுக்குப் பின்னால், தூரத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. உற்றுப் பார்த்தேன். கோரி பஸ்டர்ட். பறக்கிற பறவைகளில் அதைப்போலப் பாரமானவை அதிகம் இல்லை. அதை நான் புத்தகத்தில் எத்தனை தரம் பார்த்திருப்பேன்! இவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். மண் நிறம் உடுத்தச் சொன்னேனே அக்கா என்று கேட்டேன்.

“மண் கலர் உடுத்தினால் அல்பத்திலை என்னை எப்பிடித் தம்பி கண்டுபிடிக்கிறது?”

வாகனத்தில் சத்தம் போடாதீர்கள்

சவன்னாப் புல்வெளியில் பறவைகள் வாகனத்துக்கு அவ்வளவு பயப்படாது, மனிதரின் சத்தத்துக்குத்தான் பயப்படும். வாகனத்தை நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவை பக்கத்திலேயே வரும். இதை நான் சொல்லி அனுப்பிய குடும்பம் ஒன்று ஐந்து கிலோ மிக்சர், பகோடா, முறுக்கோடு போனது. வாகனம் முழுக்க நொறுக்குகிற சத்தம்தான் கேட்டதாம்.

இவர்களுக்கு ஒரு பறவையும் அகப்பட்டிருக்காது என்று எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். விசாரித்தால், மத்தியானம் சாப்பிட இறங்கிய இடத்தில் கூட்டமாக வந்ததாம். முதுகு மினுங்கும் நீலம், வயிறு செம்மஞ்சள். அது ஒருவகை மைனா. என் புத்தகத்தின் அட்டையிலேயே அதுதான் இருந்தது; தொட்டுத் தொட்டு அதன் நீலம் வெளிறிப் போயிருந்தது. எப்படி இருந்தது என்று குடும்பத் தலைவரைக் கேட்டேன்.

“காகம் மாதிரித்தான் அண்ணை. மிக்சரிலை வந்து விழுந்து, நிம்மதியா ஒரு ரீ குடிக்க விடேல்லை.”

நிலத்தையும் பாருங்கள்

பறவை பார்க்கப் போகிறவர்கள் வானத்தையே பார்த்துக் கழுத்தை நோகடிப்பார்கள். பக்கத்துப் போன்கடை மோகனுக்கு, புல்லுக்குள்ளும் பார், எருமையின் முதுகையும் பார் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு நாள் காலை அங்கிருந்தே போன் எடுத்தான். நீளக் கால், சாம்பல் உடம்பு, தலைக்குப் பின்னால் பேனைகளைச் செருகியதுபோல இறகு. பறக்காமல் நடந்து திரிகிறது, கெதியாய்ப் பெயரைச் சொல்லுங்கோ என்றான்.

செக்ரட்டரி பறவை, பாம்பைக் காலாலேயே அடித்துக் கொல்லும், அசையாமல் பார்த்துக்கொண்டிரு, அதிர்ஷ்டம் இருந்தால் வேட்டையைக் காண்பாய் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். முன்னால் சென்னை ரிக்கற்றுக்கு நாலு பேர் நின்றார்கள். அடுத்து அது என்ன செய்கிறது என்று கேட்டேன்.

“தெரியேல்லை அண்ணை, வையுங்கோ, சிங்கம் வந்திட்டுது.”

அதிகாலையில் போங்கள்

நாங்கள் ஆள் அனுப்புகிற நைரோபிக் கம்பனி, எங்கள் கடைக்கு ஒரு இலவச இடம் தந்தது. அது என்னால் வந்தது என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பத்து நாளில் வெளிக்கிட வேண்டும். முதலாளி என் பயணப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பிரெஞ்சுப் பாஸ்போட் வைத்திருந்த ரெஜினாவை அனுப்பினார். மன்னார்ப் பிள்ளை, என் பக்கத்து மேசை. அவளுக்குப் புறாவையும் கோழியையும் தவிர வேறு பறவை தெரியாது. என்னிடம் எழுதிக்கொள்ள ஒரு கொப்பியோடு வந்து, எந்த நேரம் போனால் நல்லது என்று கேட்டாள்.

விடிகிற நேரம்தான் நல்லது. மத்தியான வெயிலில் பெரும்பாலானவை நிழலுக்குள் ஒதுங்கிவிடும். இதை எல்லோருக்கும் சொன்ன நான், அவளுக்கு மட்டும் மத்தியானம் போகச் சொன்னேன். காலையில் நன்றாக நித்திரை கொள் என்றும் சொன்னேன். சொல்லும்போதே உள்ளுக்குள் இனித்தது. வெட்கக்கேடுதான், ஆனால் இனித்தது.

அவள் கறுத்துப்போய், சிரித்துக்கொண்டு வந்தாள். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கூடாரத்தில் படுத்திருக்க, இவள் சாரதியை எழுப்பிக்கொண்டு போயிருக்கிறாள். வெயிலில் சூடான காற்றோடு மேலே ஏறி வட்டமிட்ட பிணந்தின்னிக் கழுகுகள், செத்த வரிக்குதிரை ஒன்றைக் கண்டு ஒவ்வொன்றாக இவள் முன்னால் இறங்கியிருக்கின்றன. படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். எனக்கு அவற்றைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

“இந்த நேரம் பாக்க ஆர் சொல்லித் தந்தது எண்டு சாரதி கேட்டான். நீங்கள் ஒருக்காலும் வரேல்லை எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை அண்ணை. அவர் இஞ்சை பத்துத்தரம் வந்தவர் எண்டு சொல்லிப்போட்டன்.”

ஊரையெல்லாம் அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்பி வந்து நன்றி சொல்லும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான், இத்தனை வருடமாகியும் இந்தத் தொழிலில் நான் பழகாத ஒரே வேலை.