எவரும் பதில் குரல் கொடுக்காத காலை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அறுபதுகளில் கிளிநொச்சிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அட்டெண்டனாகச் சேர்ந்த முதல் கிழமையே, ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பும் வேலை என் தலையில் விழுந்தது.

"உம்மைக் கண்டால் பிள்ளையளுக்குச் சிரிப்பு வருது. அதுவும் மருந்துதான்," என்றார் டொக்டர்.

"அப்ப என்னைப் போத்திலிலை அடைச்சுக் குடுங்கோ ஐயா."

அவர் சிரிக்கவில்லை.

பிள்ளையின் பெயர் மலர். ஒன்பது வயது. உருத்திரபுரத்துக் குடியேற்றக் காணியில் தாயும் அவளும்தான். தகப்பனை வயலில் யானை அடித்துக் கொன்றபோது அவள் வகுப்பில் இருந்தாள். அதன்பிறகு தாயைவிட்டு அசையமாட்டாள். பள்ளிக்கூட நேரம் வந்தால் வயிற்றுக்குத்து, வாந்தி. மந்திரித்து நூல் கட்டியும் நிற்காததால் தாய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தா. தவணை முடியமுன் வராவிட்டால் பெயரை வெட்டுவதாகத் தலைமை வாத்தியார் சொல்லிவிட்டார்.

"பயத்தை ஏசிக் கலைக்கேலாது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாத் தூரம் கூட்டும். பயம் வந்தால் அந்த இடத்திலையே நில்லும். தானா இறங்கும்," என்றார் டொக்டர்.

நான் சைக்கிளை உருட்ட, அவள் கூடவே நடந்தாள். வாய்க்கால் வரம்பில் நின்று "கூ" என்று கூப்பிட்டாள். தாய் பதில் குரல் கொடுத்தா. தாயின் குரல் எட்டாத தூரத்தில் அடுத்த காணிக்காரர் கொடுத்தார்கள். காடு வெட்டிக் குடியேறிய சனம். குரல் கேட்டால் பதில் கொடுத்தே ஆகவேண்டும். இப்படியே பள்ளிக்கூட வேலிவரை வந்துவிட்டோம். நான் பாதி டொக்டராகிவிட்டதாக நினைத்தேன். வகுப்புக்குள் யாருடைய பதில் குரலும் எட்டவில்லை. அவள் வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

"பயத்தை அவள் தாங்கேல்லை. ஊரெல்லோ தாங்கினது," என்றார் டொக்டர்.

அன்று காணி காணியாகப் போய், நாளைக்குத் தாய் உட்பட ஒருவரும் பதில் கொடுக்கவேண்டாம் என்று கேட்டேன். அடுத்த காணிக் கந்தையா அண்ணைக்குக் கோபம் வந்தது.

"ஒரு பிள்ளை கூப்பிட, காது கேளாத மாதிரி இருக்கச் சொல்லுறியோ?"

"அக்கா கூப்பிடேக்கை நல்லாப் பழகியிருப்பியளே அண்ணை."

குசினிக்குள் அவர் மனைவி சிரித்தா. அண்ணை அடங்கினார்.

மறுநாள் வாய்க்கால் மதகடியில் மலர் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டாள். வயல்வெளி முழுக்க ஆட்கள் இருந்தும் ஒரு சத்தமும் வரவில்லை. அவள் சைக்கிள் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தாள். என் வாயில் ஒரு பகிடியும் வரவில்லை.

"வயிறு குத்துது அண்ணை."

"குத்தட்டும். நிப்பம்."

"அம்மாவுக்கு ஏதும் நடந்திருந்தால்?"

"தெரியாது. நிப்பம்."

அழுதாள். பிறகு ஓய்ந்தாள். நெடுநேரம் கழித்துப் பிடி தளர்ந்தது.

"மணி அடிச்சிருக்குமே," என்று சொல்லிவிட்டுத் தானாகவே நடக்கத் தொடங்கினாள்.

பெயர் வெட்டுப்படவில்லை. சில கிழமைகளில் அவள் தனியாகவே போனாள். அதைச் சொல்லத் தாயிடம் போனேன். அவா வேலிப் படலையைப் பிடித்தபடி நின்றா.

"இப்ப அவள் கூப்பிடுறதேயில்லைத் தம்பி. பின்னேரம் வரைக்கும் இந்த வளவிலை ஒரு சத்தமுமில்லை." படலையைத் திறந்தா. "இருந்திட்டுப் போறீரோ?"

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளை வகுப்புக்குள் போனதோடு வேலை முடியாது. திரும்பும் வழியில் அந்த வீட்டில் ஒரு தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடியுங்கள். ஆறுதலாகக் குடியுங்கள்.