சில்வர் பெயிண்டுக்குள் பித்தளை

உத்திரமேரூரில் கல்யாண பேண்டு செட் நடத்துகிறேன். சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு எல்லா வாத்தியங்களுக்கும் வழக்கம்போல் சில்வர் பெயிண்ட் அடித்தோம். எங்கள் பழைய பித்தளை சைடு டிரம்மும் தப்பவில்லை.

அடுத்து வந்த மானாம்பதி கல்யாணத்தில் பெண் வீட்டார் எங்களையும், மாப்பிள்ளை வீட்டார் வேறொரு செட்டையும் அழைத்திருந்தார்கள். சாப்பிட்டு வந்து டிரம்மைத் தட்டினால் தகர டப்பா சத்தம். அவர்கள் டிரம்மும் அதே சில்வர் பெயிண்ட்தான்; சத்தத்தை வைத்துப் பார்த்தால் எங்களுடையது அந்த செட் மாஸ்டரின் தோளில் இருந்தது.

"அது எங்க பித்தளை டிரம்முங்க," என்றேன்.

"எங்களுது இரும்பு, இதான் அது. நீ இன்னா, பெயிண்டுக்குள்ள பூந்து பாத்துக்கினு வந்தியா?" என்றவர், சுரண்டிப் பார்க்கவும் விடவில்லை. ஊர்வலம் கிளம்பினால் டிரம் போனதுதான்.

மைக்செட்காரரிடம் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை வாங்கி வந்தேன். வளையமும் திருகும் எந்த டிரம்மிலும் இரும்புதான் என்பதால், நடு உடம்பில் வைத்தேன். என் கையிலிருந்த டிரம்மில் ஒட்டியது. அவருடையதில் வழுக்கி விழுந்தது.

"கல்யாணத்துல மானத்த வாங்கிட்டியேபா," என்று சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். அன்று எங்கள் டிரம் ஊர் எல்லை வரை கேட்டதாம்.

இந்த ஆண்டும் பெயிண்ட் அடித்தோம். டிரம்மின் அடிப்புறத்தில் மட்டும் உள்ளங்கை அளவு பித்தளையைப் பளபளவென்று விட்டிருக்கிறேன்.