சொல்லாமல் போட்ட தயிர்சாதம்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, சித்ரா பௌர்ணமி அன்னைக்கு சாயங்காலம், பெசன்ட் நகர் பீச்சுல நடந்தது இது.

நாங்க திருநெல்வேலிக்காரங்க. கல்யாணமாகி வந்ததுல இருந்து ராஜா அண்ணாமலைபுரத்துலதான் குடியிருக்கோம். ஊர்ல சித்ரா பௌர்ணமிக்குக் கட்டுசாதம் எடுத்துக்கிட்டு தாமிரபரணிக் கரைக்குப் போவாங்க. மெட்ராஸ்ல ஆத்துக்கு எங்க போறது? அதனால எங்களுக்கு பீச். நான், என் வீட்டுக்காரர், அத்தை, அதாவது என் மாமியார், அப்புறம் என் வீட்டுக்காரரோட அக்கா. அவங்களை நான் மதினின்னு கூப்பிடுவேன். தி.நகர்ல ஜவுளிக்கடை வச்சிருக்காங்க. மதினியோட வீட்டுக்காரர் எங்க எல்லாருக்கும் அண்ணாச்சி. வருஷா வருஷம் இந்த அஞ்சு பேரும்தான் போவோம், சாப்பாடு மட்டும் என் பொறுப்பு.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி நான் பாலை விட்டிருந்தேன். காரணம் பெருசா ஒண்ணுமில்ல. மயிலாப்பூர்ல காய் வாங்கப் போற சந்துல ஒரு மாட்டுக் கொட்டகை இருந்துச்சு. ஒருநாள் பாக்குறேன், செத்துப்போன கன்னுக்குட்டியோட தோலுக்குள்ள வைக்கோலை அடைச்சு, அதை மாட்டு முன்னாடி நிறுத்திட்டுப் பால் கறந்துக்கிட்டிருந்தாங்க. மாடு அந்த வைக்கோல் கன்னை நக்கிக்கிட்டே நிக்குது. வீட்டுக்கு வந்து காபி போட்டேன், குடிக்காம அப்படியே கொட்டிட்டேன். அன்னைக்கே பால், தயிர், நெய் எல்லாம் சரி, போதும்னு நிறுத்திட்டேன்.

எங்க வீட்டுல அதை யாருக்கும் புரிய வைக்க முடியலை, மத்தவங்களுக்குப் பால் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. நாமதான் ஏற்கெனவே சைவமாச்சே, இதுக்கு மேல என்னத்தை விடப்போறேன்னு இவர் கேட்டார். ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் பாதாம் பால்ல காபி போட்டுக் குடுத்தேன். எதுல போட்டேன்னு சொல்லிட்டுத்தான் குடுத்தேன். ஆளுக்கு ஒரு வாய் குடிச்சிட்டு டம்ளரை அப்படியே வச்சுட்டாங்க. மதினி மட்டும் சிரிச்சுக்கிட்டே, "ஏளா, உங்க வீட்டுல பச்சத்தண்ணியாவது குடிக்கலாமா, அதுக்கும் ஏதாச்சும் சட்டம் இருக்கா?"ன்னு கேட்டாங்க. கேலிதான், தப்பா எதுவும் சொல்லலை. ஆனா எனக்கு ரோஷம் ஜாஸ்தி. சொல்லிட்டுக் குடுத்தாத்தானே வேண்டாம்ங்கறீங்க, சொல்லாமலே உங்களைச் சாப்பிட வச்சுக் காட்டுறேன்னு அன்னைக்கே மனசுக்குள்ள முடிவு கட்டிட்டேன்.

எதை வச்சு ஜெயிக்கிறது? தயிர்சாதம்தான். எங்க குடும்பத்துல எத்தனை வகை சாதம் கட்டினாலும் கடைசியில தயிர்சாதம் விழலைன்னா சாப்பிட்ட மாதிரியே இருக்காது. நிலக்கடலையை ராத்திரி ஊற வச்சு, அரைச்சு, துணியில வடிகட்டிக் காய்ச்சினா பால் மாதிரியே வரும். அது வெதுவெதுப்பா இருக்கும்போது பச்சமிளகாய்க் காம்பு நாலஞ்சு போட்டு மூடி வச்சா தயிராத் தோயும்னு ஒருத்தங்க சொல்லிக் குடுத்தாங்க. மொத தடவை தண்ணி தனியா, கசடு தனியா நின்னுச்சு. அடுத்த தடவை பச்சைக் கடலை வாசம் வீடு பூரா அடிச்சுது. எல்லாம் செம்பருத்திச் செடிக்குத்தான் போச்சு. நானும் விடலை. ரெண்டு மாசம் கழிச்சு ஒருநாள் கிண்ணத்தைச் சாய்ச்சுப் பாக்குறேன், ஆடாம அசையாம நிக்குது. அடுப்படியில தனியா நின்னு சிரிச்சேன்.

சித்ரா பௌர்ணமிக்குப் புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், கடைசியா என்னோட தயிர்சாதம். மாங்காய், இஞ்சி, மாதுளை எல்லாம் போட்டு, நல்லெண்ணெயில கடுகு பெருங்காயம் தாளிச்சு, தூக்குவாளியில அடைச்சேன். எல்லாரும் சாப்பிட்டு முடிச்சதும் விஷயத்தைச் சொல்லணும், அப்ப மதினி முகம் எப்படி இருக்குன்னு பாக்கணும். என் ஆசை அவ்வளவுதான்.

மணல்ல ஜமுக்காளத்தை விரிச்சு உக்காந்தோம். தயிர்சாதம் வந்ததும் மதினி ரெண்டு வாய் சாப்பிட்டாங்க. இன்னைக்குத் தயிர் நல்லாத் தோஞ்சிருக்கே, எந்தப் பால்னு கேட்டாங்க. அப்புறம் சொல்றேன் மதினின்னு சொன்னேன். உள்ளுக்குள்ள அப்படி ஒரு சந்தோஷம். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்கன்னு ஒரு கரண்டி கூடவே வச்சேன்.

கொஞ்ச நேரத்துல, உதடு நமநமங்குதுன்னு சொன்னாங்க. கழுத்துல தடிப்புத் தடிப்பா எழும்பிச்சு. மணல்ல ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்னு அத்தை முந்தானையால தட்டிவிட்டாங்க. பாத்துக்கிட்டு இருக்கும்போதே உதடு வீங்கி, குரல் கம்மி, மூச்சு விசில் மாதிரி சத்தம் போட ஆரம்பிச்சுது. எப்படியோ ஆட்டோவுல ஏத்தி அடையாறுல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழி நெடுக மதினி என் கையைத்தான் இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க.

டாக்டரம்மா மொதல்ல, எதுக்காவது அலர்ஜி இருக்கான்னு கேட்டாங்க. அண்ணாச்சி சொன்னார்: "நிலக்கடலை ஒண்ணுதாங்க சேராது. சின்ன வயசுல ஒருதடவை தொண்டை அடைச்சுப் பொழைச்சதே பெருசுன்னு சொல்வாங்க. ஆனா இன்னைக்கு அது சாப்பாட்டுலயே கிடையாது. என் மச்சினன் சம்சாரம் பாத்துப் பாத்துத்தான் செய்யும்."

அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. கல்யாணமாகி வந்த புதுசுல, அவ வந்தா புளியோதரையில கடலை போடாதேன்னு அத்தை சொல்லியிருந்தாங்க. பெத்த மகளுக்குப் பிடிக்காதுன்னு செல்லம் குடுக்குறாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். மனசுக்குள்ள முணுமுணுத்துக்கிட்டே, நிலக்கடலைக்குப் பதிலா கடலைப்பருப்பு போட்டுச் செய்வேன். ஏன்னு ஒருநாளும் கேட்டதில்ல. அன்னைக்கும் புளியோதரையில பருப்புதான் போட்டிருந்தேன். அடுத்த தூக்குல முழுக்க முழுக்கக் கடலை.

எப்படியும் ஊசி போடத்தானே போறாங்க, சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு கேவலமா ஒரு நினைப்பு வந்துச்சு, மறைக்காம சொல்லிடறேன். அப்ப மதினி என்னைத் திரும்பிப் பாத்தாங்க. கண்ணு ரெண்டும் வீங்கிப்போயிருந்துச்சு. "அது தயிர் இல்ல டாக்டர், நிலக்கடலைப் பால். நான்தான் சொல்லாமப் போட்டேன்"னு எல்லாருக்கும் கேக்குற மாதிரியே சொன்னேன். டாக்டரம்மா என்னைத் திட்டலை. தொடையில ஊசி போட்டாங்க. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா மூச்சு நின்னிருக்கும்னு மட்டும் சொன்னாங்க. மறுநாள் வரைக்கும் வச்சிருந்து அனுப்பினாங்க.

வீட்டுல இவர் ஒரு வாரம் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை. "பாலு வேண்டாம்னா நீ குடிக்காத. அடுத்தவ தட்டுல எதுக்குத் தெரியாம வைக்க?"ன்னு அத்தை கேட்டாங்க. பேசாம நானும் பழையபடி பால் குடிச்சு எல்லாத்தையும் முடிச்சுக்கலாமான்னுகூட யோசிச்சேன். ஆனா அதுவும் பொய்தானே? நான் பாலை விட்டது தப்பில்ல. வாயைத் திறக்காததுதான் தப்பு.

பத்து நாள் கழிச்சு தி.நகர்க் கடைக்குத் தனியாப் போனேன். மன்னிச்சிருங்க மதினின்னு சொல்லிட்டு, உங்களுக்கு வேற என்னல்லாம் சேராதுன்னு கேட்டேன். இத்தனை வருஷம் அவங்களுக்குச் சோறு போட்டிருக்கேன், அந்தக் கேள்வியைக் கேட்டது அன்னைக்குத்தான். மதினி கையில இருந்த சேலையை மடிச்சு வச்சாங்க. அப்புறம், முந்திரியும் லேசா அரிக்கும்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் மாசக்கணக்கா எங்க வீட்டுப் பக்கம் யாரும் சாப்பிட வரலை.

அடுத்த சித்ரா பௌர்ணமி வந்துச்சு. இந்தத் தடவை ஓட்டல்ல வாங்கிக்கலாம்னு இவர் சொன்னார். நான்தான் சமைப்பேன்னு ஒரே பிடிவாதமா நின்னேன். தேங்காய்ப் பால்ல தயிர் தோய்ச்சேன். ஒவ்வொரு தூக்கு மேலயும் உள்ள என்னென்ன இருக்குன்னு, உப்பு மொதக்கொண்டு, காகிதத்துல எழுதி ஒட்டினேன். பக்கத்துலயே நிஜத் தயிர்சாதம் ஒரு தூக்கு. அது இவர் கலந்தது.

பீச்சுல நான் திறந்து வச்ச தூக்குக்கு யாரும் கை நீட்டலை. அண்ணாச்சி அலையைப் பாத்துக்கிட்டிருந்தார். மதினி கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒவ்வொரு காகிதமாப் படிச்சாங்க, கடைப் பில்லைச் சரிபாக்குற மாதிரி. கடைசியில என் பக்கம் தட்டை நீட்டி, "அதான் எழுதியிருக்காள்ல. போடு"ன்னாங்க.

ஒரு கரண்டி மட்டும் போட்டேன். தின்னு பாத்துட்டு, புளிப்பு பத்தலைன்னாங்க. அப்புறம் ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. நான் திரும்பிக் கண்ணைத் துடைச்சதை யாரும் பாக்கலைன்னுதான் நினைக்கிறேன்.

பாலை இப்பவும் நான் தொடுறதில்ல, தொடவும் மாட்டேன். யார் வீட்டுக்குச் செஞ்சு எடுத்துட்டுப் போனாலும் மேல ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதை எழுத உக்காரும்போதெல்லாம் அந்தச் சந்து மாடு ஞாபகத்துக்கு வரும். அதை இப்படி ஏமாத்துறாங்களேன்னுதான் நான் பாலையே விட்டேன். ஆனா தயிர்னு நம்பிச் சாப்பிட்ட மதினிக்கு நானும் ஒரு வைக்கோல் கன்னைத்தான் காட்டியிருக்கேன்.