மறுபக்கத்து ஸ்பேனர்

நம்பாதவர்கள் என் இடது கையை வந்து பார்க்கலாம். நடுவிரல் நகத்துக்குக் கீழே குறுக்கே ஒரு கோடு இருக்கிறது. மற்றபடி காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் நடுநிசியில் அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம், அக்கா வீட்டுக்குக் கீழே இருக்கும் ஷெட்டில்.

பல் செட் செய்யும் கூடத்தில் எனக்கு வேலை. விரல் நுனிதான் சோறு போடுகிறது. ஆசைப்பட்டு, என்னைவிட வயதில் மூத்த ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கியிருந்தேன். ஓட்டினால் முன்பக்கம் ஒரு வழி போகும், பின்பக்கம் வேறு வழி தேடும். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்கள், அதாவது போல்ட் நுழையும் உலோகக் குழல்கள், தேய்ந்துபோயிருந்தன.

"நீ கட்டற பல்லு கூட இப்படி ஆடாது மாப்ள," என்றார் அக்காவின் கணவர். மாமாவுக்கு மெக்கானிக் வேலை அரைகுறையாகத் தெரியும். எனக்கு அந்த அரையும் தெரியாது.

பழைய புஷ்களைத் தட்டி எடுத்தோம். உள்ளே மண்ணெண்ணெய் விட்டு, துணியில் அழுக்கு ஒட்டாத அளவுக்குத் துடைத்தோம். லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய புது வெண்கல புஷ்களை இறக்கி, ஸ்விங் ஆர்மை வண்டியின் சட்டத்துக்கு நடுவே நிறுத்தினோம். அளவு பார்ப்பதற்காக நீளமான போல்ட்டை வலப்பக்கமிருந்து செருகினோம்.

இது இரண்டு ஆள் வேலை. ஒருவர் இந்தப் பக்கம் நட்டைப் பிடிக்க வேண்டும். மற்றவர் அந்தப் பக்கம் போல்ட்டைத் திருக வேண்டும். நடுவில் எஞ்சினும் டேங்கும் மறைக்கும், முகம் தெரியாது. அதனால் திருகுகிறவர் கேட்பார், "ஆட்டம் இருக்கா?" பிடிக்கிறவர் அசைத்துப் பார்த்துப் பதில் சொல்வார். இருக்கு என்றால் இன்னொரு திருகு. இல்லை என்றால் நிறுத்திவிடலாம்.

கிரீஸ் தீர்ந்திருந்தது. "கடைக்குப் போய்ட்டு வந்துடறேன். நீ ஒண்ணையும் தொடாதே, புண்ணியமாப் போகும்," என்று மாமா கிளம்பினார். மழைச் சாரல் உள்ளே அடித்தது. ஷட்டரை இறக்கி, தாழ்ப்பாள் போட்டேன்.

சும்மா இருந்திருக்கலாம். ஒரு வாஷர் விலகி நின்றது. ஸ்பேனரை நட்டில் மாட்டிவிட்டு, இடது கையின் இரண்டு விரல்களை ஸ்விங் ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே நுழைத்து, வாஷரை நகர்த்தினேன்.

மணி நாலேகால்.

அந்தப் பக்கம் 'க்ளிக்' என்று ஒரு சத்தம். போல்ட் தலையில் ஸ்பேனர் உட்காரும் சத்தம்.

"ஆட்டம் இருக்கா?"

"இருக்கு மாமா," என்றேன். காலையிலிருந்து சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். யோசிக்கவே இல்லை.

போல்ட் திரும்பியது. இடுக்கு சுருங்கியது. விரல்கள் மாட்டிக்கொண்டன.

"மாமா, இருங்க! கை உள்ள இருக்கு!"

அப்போதுதான் உறைத்தது... ஷட்டர் ஏறிய சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். மறுபக்கத் தரை நன்றாகத் தெரிந்தது. ஈரம் இல்லை. கால்களும் இல்லை.

"ஆட்டம் இருக்கா?"

மாமாவின் குரல் அல்ல. பொறுமையான குரல். அதே கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் களைத்த குரல்.

"இல்ல. ஆட்டமே இல்ல. போதும்."

போல்ட் நின்றது. ஸ்விங் ஆர்மை யாரோ மெல்ல அசைத்துப் பார்த்தார்கள்.

லொடக்.

"இருக்கே..."

இன்னொரு திருகு.

ஷட்டர் தடதடவென்று அதிர்ந்தது. "மாப்ள! தூங்கிட்டியா? நனையறேன்டா, திற!"

வெளியே மாமா. உள்ளே தாழ்ப்பாள். எட்டாத தூரத்தில் நான். கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

லொடக்.

"இன்னும் இருக்கே..."

திருகு.

நகத்துக்கு அடியில் ஏதோ நெரிந்தது. இனி இந்த விரல்களால் மெழுகில் ஒரு பல்லைக்கூடச் செதுக்க முடியாது என்று நினைத்தேன்.

எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. அது யாராக இருந்தாலும், வேலை தெரிந்த ஆள். வேலை தெரிந்த ஆள் இதைப் பொறுக்கமாட்டான்.

"கிரீஸ்..." என்றேன். "உள்ள கிரீஸே வைக்கல. காய்ஞ்சு கிடக்கு."

மழை மட்டும்.

"வைக்கலையா?"

"இல்ல. கழட்டித்தான் வைக்கணும்."

க்ளிக்.

போல்ட் எதிர்ப்பக்கம் திரும்பியது...

மெதுவாக...

கையை உருவினேன். ஓடினேன். தாழ்ப்பாளை எப்படித் திறந்தேன் என்று இன்றுவரை நினைவில்லை.

மாமா என் கையைப் பார்த்தார். உள்ளே போய் எல்லா மூலையும் தேடினார். யாரும் இல்லை. அந்தப் பக்கம் ஸ்பேனரும் இல்லை.

மறுநாள் காலையில் அவர்தான் போல்ட்டை உருவினார். புது வெண்கல புஷ்கள் நிறைய கிரீஸ். கறுத்து, கெட்டியாகி, எத்தனையோ வருடம் கிடந்த கிரீஸ். அதற்குள் என்னவோ தட்டுப்பட்டது. எடுத்துத் துணியில் துடைத்தார்.

ஒரு நகம். முழு நகம்.

என் நகங்கள் எல்லாம் என் விரல்களில்தான் இருந்தன.

வண்டியை எனக்கு விற்றவருக்கு உடனே போன் செய்தேன். "சார், உங்ககிட்ட வண்டி வாங்கினேனே..." என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான் சொன்னேன். வேறு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அவர் மெல்லக் கேட்டார்.

"எந்தக் கை?"