மலைக்கு வாங்கிய சைக்கிளில் மல்லிகை மூட்டை

சிறுமலையின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு தடவைகூடக் காலை ஊன்றாமல் சைக்கிளில் ஏறியவன் நான். பொய். பஸ்ஸில்தான் ஏறினேன். அதிலும் வாந்தி.

இந்தப் பொய்யை முதன்முதலில் திண்டுக்கல்லில் ஒரு சைக்கிள் கடையில் சொன்னேன். பழைய சைக்கிளின் பார் உடைந்து, புதுசு எடுக்கப் போயிருந்தேன். கடைக்கார பாய் நல்ல மனிதர். எடுத்த எடுப்பில் வண்டியைக் காட்டவில்லை.

"எங்கிட்டு ஓட்டுவீக? ரோட்டுலயா, காட்டுலயா, மலையிலயா? அதுக்குத் தக்கன எடுக்கணும்ல."

நான் ஓட்டுவது வீட்டிலிருந்து நிலக்கோட்டை ரோடு வரைக்கும்தான். மனைவி பறிக்கும் மல்லிகை மொட்டை, பூ வேன் கிளம்பும் முன் சேர்க்க வேண்டும். மலர்ந்துவிட்டால் சந்தையில் ஒருவரும் சீண்ட மாட்டார்கள். இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக இரண்டு பேர் நின்றார்கள். பூ மூட்டை என்று சொல்லக் கூசியது. மலை என்றேன், பதினெட்டு வளைவுக் கதையையும் சேர்த்து.

பாய் மலைக்கு ஏற்ற வண்டியையே கொடுத்தார். கொழுத்த டயர், முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர். கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, ஸ்டாண்டுகூட இல்லை.

மறுநாள் காலை மூட்டையோடு வந்த மனைவி, அதை வைக்க இடம் தேடி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். கடைசியில் என் முதுகில் கட்டிவிட்டாள். மிதிக்க மிதிக்க வண்டி குதித்தது, மூட்டை பிடரியில் அடித்தது. பின்சக்கரம் வாய்க்கால் சேற்றை வாரி மூட்டைமேல் இறைத்தது. போய்ச் சேர்ந்தபோது வேன் இல்லை. பாதி மொட்டு மலர்ந்திருந்தது. ரோடே மணத்தது, நான் மட்டும் நாறிப்போய் நின்றேன்.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று மனைவி முடிவுகட்டினாள். நானும் தலையாட்டினேன். அன்றே சைக்கிளை ஒரு மினி வேனில் போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

"பூ மூட்டை கொண்டுபோற ஆளுக்கு இதையவா பாய் தலையில கட்டுவீக?"

பாய் என்னைப் பார்த்தார். நான் மேலே தொங்கிய டியூப்களைப் பார்த்தேன்.

"நாந்தேன் சரியாக் கேக்காம விட்டுட்டேம்மா" என்றார். எங்கோ தேடி ஒரு கேரியரையும் மாட்டிவிட்டார்.

இன்றைக்கும் அந்தக் கடையைத் தாண்டினால் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இன்றாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதிப் பார்க்கிறேன். முதலில் அவளிடம் என்ன சொல்வேன் என்றால்,

"ஏங்க, மூட்டையக் கட்டியாச்சு. வேன் நிக்காது, வாங்க."

வாரேன்.